நகர்வளர்ச்சியும் தட்டான்களும்: செருமனி தரும் சான்று

தட்டான் என்பது, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நீரினடியிலும் சிறுபகுதியை நீரின்மேலும் கழிக்கின்ற, பிற உயிர்களை வேட்டையாடி உண்கின்ற, இரண்டு இணை இறக்கைகளையுடைய பூச்சி. நகர் என்பது, ஒரு நிலப்பரப்பின் நீர் எங்கே நிற்க வேண்டும், எங்கே ஓட வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்பவற்றை மாந்தர் தம் தேவைக்கேற்ப வரையறுத்துக்கொண்ட குடியிருப்பு. இவ்விரு வரையறைகளையும் அருகருகே வைத்து நோக்கின், இரண்டும் நீர் என்னும் ஒரே பொருளின்மேல் நிற்பது விளங்கும். ஆகவே நகர் வளரும்போது தட்டானுக்கு என்ன நேர்கிறது என்னும் வினா, பூச்சியியலுக்கு உரிய அளவிற்கு நகரமைப்பியலுக்கும் உரியதாகும். இவ்வினாவை ஆராய்வதற்குச் செருமனி நாடு மிகப் பொருந்திய களம். அங்கே தொழில்நகர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக நீரைச் சிதைத்துள்ளன. கடந்த நாற்பது ஆண்டுகளாக அதே நகர்கள் அதே நீரைச் செம்மைப்படுத்த முயன்றுள்ளன. இவ்விரு செயல்களின் விளைவையும் ஊதியம் எதிர்பாராத ஆர்வலர் பலர் ஊர்தோறும் குளந்தோறும் எண்ணிக் குறித்து வைத்துள்ளனர்.

முதற்கண் வகைப்பாடு. தட்டான்கள் அனைத்தும் பூச்சியினத்துள் ஒரு தனி வரிசையைச் சேர்ந்தவை. அவ்வரிசையில் உலகெங்கும் இதுவரை அறியப்பட்ட இனங்கள் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டவை. செருமனியில் வாழ்பவை ஏறத்தாழ 80. வரிசை இரு பெரும் பிரிவுகளாகப் பிரியும். முன்னிறக்கையும் பின்னிறக்கையும் வடிவில் வேறுபட்டு, பின்னிறக்கை அடியில் அகன்று, அமரும்போது இரண்டும் விரிந்தே நிற்பவை ஒவ்வாச்சிறையன. இவற்றையே நாம் தட்டான் என்று பொதுவாக அழைக்கிறோம். நான்கு இறக்கைகளும் ஒரே வடிவினவாய், உடல் ஊசிபோல் மெலிந்து, அமரும்போது பெரும்பாலும் இறக்கைகளை முதுகின்மேல் ஒன்றுசேர்த்து வைப்பவை ஒத்தசிறையன, இவையே ஊசித்தட்டான்கள். இமயத்திலும் சப்பானிலும் சீனத்திலும் எஞ்சியுள்ள ஒரு சில பழைய இனங்கள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு நிற்கின்றன. அவை நம் பொருளுக்கு வேண்டா. வரிசையின் தொன்மையை மட்டும் ஒரு சொல்லால் குறித்துச் செல்வோம். செருமனியின் பவேரியப் பகுதியில் உள்ள சோல்நோபன் சுண்ணாம்புப் பாறைகளில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தட்டான்களின் இறக்கை நரம்புகள், இன்றைய தட்டானின் இறக்கையோடு வைத்து ஒப்பிடும் அளவிற்குத் தெளிவாகப் பதிந்துள்ளன. அத்தொன்மையோடு ஒப்பிட, தொழில்நகர் நேற்றுப் பிறந்தது என்பதும் மிகையுரை ஆகாது.

முட்டையிலிருந்து வெளிவந்து நீருள் வாழும் பருவத்தை நீரிளவி என்று அழைப்போம். நீரிளவியின் கீழுதடு நீண்டு மடிந்து, நுனியில் கொக்கிகளுடன் தலைக்கடியில் ஒடுங்கியிருக்கும். இரை எட்டும் தொலைவிற்கு வந்ததும் அது இமைப்பொழுதிற்குள் பாய்ந்து பற்றி மீளும். இப்பிடியுதடு உலகின் வேறெப் பூச்சிக்கும் இல்லாத உறுப்பு. ஊசித்தட்டானின் நீரிளவி, உடலின் கடையில் இலைபோல் விரிந்த மூன்று செவுள்களின் துணையால் மூச்சுவிடும். தட்டானின் நீரிளவிக்குச் செவுள் பின்குடலுக்குள் அமைந்துள்ளது. அது நீரை உள்ளிழுத்து மூச்சுவிடுவதோடு, இடர் நேர்கையில் அந்நீரையே விசையோடு பீச்சி முன்னோக்கிப் பாயவும் வல்லது. இப்பருவம் சில இனங்களில் சில திங்களில் முடியும். தூய ஓடைகளில் வாழும் இருபட்டை ஊற்றுத்தட்டானுக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும். இறக்கை பெற்றபின் வாழ்வது பெரும்பாலான இனங்களில் சில கிழமைகளே.

நீரைவிட்டு வானுக்கு ஏறும் அப்பொழுதை அருகிருந்து காணல் வேண்டும். வேனிற்காலத்து விடியலில், முதிர்ந்த நீரிளவி கரையோரத்து நாணல் தண்டொன்றைப் பற்றி நீர்மட்டத்திற்கு மேல் ஏறி, கால்நகங்களை ஆழ ஊன்றி அசைவற்று நிற்கும். முதுகுத்தோல் நெடுக்காகப் பிளக்கும். பிளவின் வழியே முதலில் மார்பும் பின்னர்த் தலையும் வெளிவந்து பின்னோக்கித் தொங்கும். கால்கள் உலர்ந்து வலுப்பெறும்வரை ஓய்ந்திருந்து, பின்னர் ஒரே எழுச்சியில் மேல்வளைந்து தன் பழைய தலையையே பற்றிக்கொண்டு வால்பகுதியை உருவிக்கொள்ளும். கசங்கிய இறக்கைகளுள் குருதிநீர் பாய்ந்து அவற்றை விரிக்கும். அது பறந்து சென்றபின் தண்டின்மேல் எஞ்சுவது உரிசட்டை. அதன் முதுகுப்பிளவில் மெல்லிய வெண்ணூல்கள் சில தொங்குவதைக் காணலாம். அவை மூச்சுக்குழல்களின் உட்படலம். ஆய்வாளருக்கு இவ்வுரிசட்டை பெரும் செல்வம். குளத்தின்மேல் பறக்கும் தட்டான் வேற்றூரிலிருந்து வந்த விருந்தாளியாகவும் இருக்கலாம்; உரிசட்டையோ, அவ்வினம் அக்குளத்திலேயே வளர்ந்து முழுமையடைந்தது என்பதற்குப் பொய்யாச் சான்று. பிடியுதட்டின் பற்களையும் உடலோரத்து முட்களையும் உருப்பெருக்கியின்கீழ் எண்ணி இனத்தின் பெயரைச் சொல்லிவிடலாம். ஓர் உயிருக்கும் ஊறு செய்யாமல் கணக்கெடுக்கும் இவ்வழி, செருமனியின் நகர்க்குளங்களை ஆராய்வோருக்குப் பெருந்துணையாக நிற்கிறது.

மேற்கூறியவற்றினின்று ஒரு நெறி பிறக்கிறது. தட்டானுக்குத் தேவையானது நீர் என்று மட்டும் சொல்லுதல் போதாது. முட்டையிடுவதற்கு நீர்த்தாவரம் வேண்டும். ஊசித்தட்டான்கள் அனைத்தும் பெருந்தட்டான்கள் பலவும் தண்டைத் துளைத்தே முட்டையை உள்வைக்கின்றன. நீரிளவிக்கு உயிர்வளி நிறைந்த நீரும், மீனிடமிருந்து ஒளிய அடர்ந்த தழையும் வேண்டும். ஏறுவதற்குத் தண்டும் சரிவான கரையும் வேண்டும். வெளிவந்த இளந்தட்டான் முதிரும்வரை இரைதேடித் திரிவதற்கு அருகே புல்வெளியோ புதரோ காடோ வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பிற கண்ணிகளால் பயனில்லை. பல்வகை நீரிலும் ஒருவாறு வாழ்ந்துகொள்ள வல்லனவற்றைப் பொதுவாழ்வினங்கள் என்றும், குளிர்ந்த ஊற்று, கரிச்சதுப்பு, மணற்படுகை ஆறு எனக் குறித்த ஒரு நீரையே சார்ந்தனவற்றைத் தனிவாழ்வினங்கள் என்றும் பிரித்துக்கொள்வோம். பின்வரும் செய்திகள் அனைத்திற்கும் இப்பிரிவே திறவுகோல்.

நகர்வளர்ச்சியை அளக்கும் முதன்மைக் கருவி மண்மூடல். அதாவது கட்டடத்தாலும் காரையாலும் நிலக்கீலாலும் மண்ணின் மேற்பரப்பை நீர் புகாவண்ணம் அடைத்தல். செருமனியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இன்று குடியிருப்பும் போக்குவரத்தும் கொண்ட நிலம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி முற்றிலும் மூடப்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 எக்டேர் திறந்த நிலம் இவ்வாறு குடியிருப்பாகவும் சாலையாகவும் மாறிவந்தது. அண்மைய ஆண்டுகளில் அது ஐம்பதைச் சற்றே கடந்த அளவிற்குக் குறைந்துள்ளது. 2030க்குள் 30 எக்டேருக்குக் கீழே கொணர வேண்டும் என்பது அரசின் இலக்கு. மூடிய மண்ணில் விழும் மழை நிலத்துள் இறங்குவதில்லை. அது குழாய்களில் விரைந்து ஓடி, மழைநாளில் ஓடையை வெள்ளக்காடாக்கி, மறுகிழமையில் அதை வறளவிடும். நீரிளவி ஈராண்டு வாழ்வதற்கு வேண்டிய அமைதியான படுகை இவ்வாறு ஒரே இரவில் அரித்துச் செல்லப்படுகிறது.

நகர் தன் நீரை மறைக்கிறது, நேராக்குகிறது, அழகுபடுத்துகிறது. இம்மூன்றுள் மறைப்பதும் நேராக்குவதும் கொடியவை என்பதை எவரும் ஒப்புவர். அழகுபடுத்துதலும் அத்துணைக் கொடியது என்று நான் சொன்னால் சிலர் வியக்கக்கூடும். செங்குத்தான காரைக்கரை, ஒட்ட வெட்டிய புல், நடுவே நீரூற்று, உள்ளே பொன்மீன், கரையில் வாத்துக்கு அப்பம் வீசும் மக்கள் ஆகியவற்றோடு கூடிய பூங்காக்குளத்தை எண்ணிப் பாருங்கள். நீரிளவி ஏறத் தண்டில்லை, ஒளியத் தழையில்லை, பொன்மீன் முட்டையையும் இளவியையும் தின்கிறது, எஞ்சிய அப்பமும் வாத்தின் எச்சமும் நீரில் ஊட்டத்தை மிகுவித்துப் பாசியைப் பெருக்க, இரவில் உயிர்வளி குன்றுகிறது. கண்ணுக்கு இனிய அக்குளம் தட்டானுக்குப் பாலை. நகரோரத்தில் எவரும் பேணாத, நாணல் மண்டிய மழைநீர்த் தேக்கமோ, கைவிடப்பட்ட சரளைக்குழியோ அதனினும் பன்மடங்கு வளமுடையதாக இருப்பது செருமனியில் வழக்கமான காட்சி.

நீரை மறைத்தலுக்கும் நேராக்கலுக்கும் எம்செர் ஆற்றைவிடச் சிறந்த சான்று ஐரோப்பாவில் அரிது. இந்த ஆறு தோர்ட்முண்டு நகருக்குக் கிழக்கே தோன்றி, ஊரூர் எனப்படும் நிலக்கரி வட்டாரத்தின் நடுவே ஓடி, இரைன் ஆற்றில் கலக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுரங்கங்களும் எஃகாலைகளும் பெருகி, சிற்றூர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நெடுநகரானபோது, அனைவரின் கழிவும் எம்செரில் இறங்கியது. கழிவைப் பாதாளக் குழாயில் கொண்டுசெல்லலாமே என்று நாம் கேட்போம். அங்கே அது இயலவில்லை. நிலக்கரியை அகழ்ந்தெடுத்ததால் கீழே வெற்றிடம் உண்டாகி, மேல்நிலம் பல இடங்களில் தாழ்ந்துகொண்டே வந்தது. தாழும் நிலத்தில் புதைத்த குழாய் உடையும். நிலம் தாழ்ந்த இடங்களில் நீர் தேங்க, நோய் பெருகியது. இச்சிக்கலைத் தீர்க்க 1899 திசம்பர் 14 அன்று எம்செர் கூட்டுறவுக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. ஈராண்டுக்குள், 1901இல், கெல்சன்கிர்சன் நகரைக் குடற்காய்ச்சல் தாக்கியது. கழகம் ஆற்றை நேராக்கி, ஆழப்படுத்தி, அடியையும் சரிவையும் காரைப் பலகைகளால் மூடி, திறந்த கழிவுநீர் வாய்க்காலாகவே மாற்றிற்று. அன்றைய அறிவிற்கும் அன்றைய தேவைக்கும் அது பிழையான முடிவன்று, மக்கள் பிழைத்தனர். ஆயினும் ஆறு உயிரற்றதாயிற்று. தாழ்ந்துகொண்டே சென்ற நிலத்தினால் ஆற்றின் கழிமுகத்தையே இருமுறை வடக்கே தள்ளி வைக்க நேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சுரங்கத்தொழில் வடக்கே நகர, நிலம் தாழ்வது நின்றது. நிலம் அசையாது நின்றதும் குழாய் புதைத்தல் இயல்வதாயிற்று. 1992இல் தொடங்கிய மீட்புப்பணி முப்பது ஆண்டுகள் நீடித்தது; ஏறத்தாழ 550 கோடி யூரோ செலவாயிற்று. கழிவுநீருக்கென நானூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட புதிய குழாய்கள் நிலத்தடியில் இடப்பட்டன. அவற்றுள் தலையாயது தோர்ட்முண்டிலிருந்து தின்சுலாக்கன்வரை 51 கிலோமீட்டர் செல்லும் பெருங்குழாய். 2021 முடிவில் எம்செரில் கழிவுநீர் கலப்பது அறவே நின்றது. காரைப் பலகைகள் பெயர்க்கப்பட்ட கிளையாறுகளில் வளைவும் சரிவும் மணற்றிட்டும் திரும்பின. கரையில் நாணலும் அல்லியும் வேரூன்றின. தோர்ட்முண்டின் எர்டே பகுதியில் பீனிக்சு எஃகாலை நின்ற இடத்தில், ஆலையைப் பெயர்த்துச் சீனத்திற்கு அனுப்பியபின் தோண்டப்பட்ட 24 எக்டேர் பள்ளத்தில் 2010 அக்தோபரில் நீர் விடப்பட்டது. ஆலையின் அடியில் குழாய்க்குள் ஓடிய எம்செர், இன்று அவ்வேரியின் அருகே வெயிலில் ஓடுகிறது.

செம்மையுற்ற இத்தகைய நீரோட்டங்களுக்குத் திரும்பும் முதல் விருந்தினருள் ஒன்று பட்டைச்சிறை ஊசித்தட்டான். ஆணின் உடல் ஒளிரும் நீலப்பச்சை. இறக்கையின் நடுவே அகன்ற கருநீலப் பட்டை. வெயில்படும் கரையில் ஒரு தழைநுனியைத் தனக்குரிய இடமாகக் கொண்டு, பெண் வருகையில் இறக்கைகளைப் படபடத்து ஆடிக்காட்டி, பின்னர் நீரோட்டத்தில் மிதக்கும் தழையை நோக்கி அதை அழைத்துச்செல்லும். பெண் அத்தழையைத் துளைத்து முட்டையிடும். இவ்வொழுக்கம் முழுவதும் நிகழ்வதற்கு ஓடும் தூயநீர், மிதக்கும் தழை, வெயில், கரைச்செடி ஆகிய நான்கும் ஒரே இடத்தில் அமைய வேண்டும். ஆகவே இவ்வினம் ஓரிடத்தில் நிலைத்துவிட்டதாயின், பொறியாளர் கழிவுநீரைப் பிரித்ததோடு நின்றுவிடவில்லை, கரையையும் கட்டியெழுப்பினர் என்பதை ஆய்வுக்கூடத்தின் துணையின்றியே அறியலாம்.

நீருக்கு இணையாகத் தட்டானை நகர் ஏமாற்றும் மற்றொரு வழி ஒளி. தட்டானின் கூட்டுக்கண் சில இனங்களில் முப்பதாயிரம்வரை கண்ணறைகளால் ஆனது. பறக்கும் தட்டான் நீரை அதன் நிறத்தாலோ மணத்தாலோ அறிவதில்லை. ஒளியலைகள் எல்லாத் தளங்களிலும் அதிர்வதை விடுத்து ஒரே தளத்தில் மட்டும் அதிர்வதைத் தளவிளைவு என்பர். மட்டமான நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கிடைமட்டத் தளவிளைவு உடையது. அவ்வொளி எங்கிருந்து வருகிறதோ அங்கே நீர் உண்டு என்பதே தட்டானின் முடிவு. பல கோடி ஆண்டுகளாக இம்முடிவு பிழைத்ததில்லை. ஏனெனில் இயற்கையில் அத்தகைய ஒளியைத் தெறிக்கும் பொருள் நீரன்றி வேறில்லை. நகரோ பளபளக்கும் ஊர்திக்கூரை, கருங்கண்ணாடி, ஈரமான நிலக்கீல், மெருகேற்றிய கருங்கல் என அத்தகைய பரப்புகளை எங்கும் விரித்துவைத்துள்ளது. நிறுத்திய ஊர்தியின் மேற்பரப்பைக் குளமென்று கொண்டு ஆண் தட்டான் காவல் காத்ததைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் வில்டர்மூத்தும் அங்கேரிய ஆய்வாளர் ஓர்வாத்தும் 2005இல் விளக்கினர். 2007இல், அங்கேரியின் இடுகாடு ஒன்றில் மெருகேற்றிய கருங்கல்லறைகளைத் தட்டான்கள் நீரென்றே கொண்டு நடந்துகொண்டதை அவர்களின் குழு விரித்துரைத்தது. பெண் அங்கே முட்டையிடின் அம்முட்டை வெயிலில் காய்ந்து ஒழியும். உயிர் தன் பழுதற்ற உணர்வையே நம்பிக் கேட்டை நாடிச்செல்லும் இத்தகைய இடத்தைச் சூழற்பொறி என்று அழைக்கலாம்.

இத்துணைத் தடைகளுக்கிடையே நகரில் எத்தனை இனங்கள் எஞ்சும்? நடு ஐரோப்பாவின் 22 நகர்களில் எடுக்கப்பட்ட கணக்குகளை வில்லிகல்லாவும் பார்ட்மனும் தொகுத்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, மேலோட்டமாக நோக்குவோருக்கு நற்செய்தியே தருகிறது. நகர்களில் வியத்தகு எண்ணிக்கையில் தட்டானினங்கள் உண்டு. பெரிய நகரில் இனங்களும் மிகுதி. ஆயினும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் செல்லச் செல்ல இனங்கள் குறைகின்றன. நடுவில் எஞ்சுபவை எந்நகரிலும் ஏறத்தாழ ஒரே பொதுவாழ்வினங்கள். நீலவால் ஊசித்தட்டான், நீலவளை ஊசித்தட்டான், தோட்டக்குளத்திலும் முட்டையிடும் நீலப்பச்சை வரித்தட்டான் ஆகியவை அவற்றுள் சில. எனவே நகரை ஒரு சல்லடை என்பேன். அது எல்லாவற்றையும் தடுப்பதில்லை, எதைத் தடுப்பது என்பதில் எங்கும் ஒரே கண்ணளவு உடையது. ஒரு நகரின் இனத்தொகையை மட்டும் கூறி மகிழ்வோர் இதை மறந்துவிடுகின்றனர். தோர்ட்முண்டின் பல்வகைக் குளங்களை ஆராய்ந்து கெர்ட்சனும் சூலிங்கும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நகருள் இருப்பதனாலேயே ஒரு குளம் வறியதாகிவிடுவதில்லை. நீருள்ளும் கரையிலும் செடிவளம் எவ்வாறு அமைந்துள்ளது, குளம் எவ்வாறு பேணப்படுகிறது என்பவையே பெரிதும் முடிவு செய்கின்றன. சல்லடையின் கண்ணளவை மாற்றுவது நகராட்சியின் கையில் உள்ளது என்று இதனால் துணியலாம்.

சல்லடையைக் கடந்த இனங்கள் மாறாமல் இருந்துவிடுவதும் இல்லை. அண்டை நாடான பெல்சியத்தின் இலூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, நகர்க்குளங்களைச் சேர்ந்த நீலவளை ஊசித்தட்டான் ஆண்கள் நாட்டுப்புறக் குளங்களைச் சேர்ந்தவற்றைவிட நெடுநேரம் இடைவிடாது பறக்கும் ஆற்றல் பெற்றிருந்தன. ஒரு குளத்திற்கும் மறு குளத்திற்கும் இடையே கட்டடங்கள் செறிந்த நிலத்தில், தொலைவைக் கடக்க வல்லதே வழித்தோன்றலைப் பெறும் என்று கருத இடமுண்டு.

நகரெல்லையைக் கடந்து நாடு முழுவதையும் நோக்கின் காட்சி மேலும் விரிகிறது. செருமனிய ஒருங்கிணை உயிர்ப்பன்மை ஆய்வு நடுவத்தைச் சார்ந்த பௌலரும் அவர்தம் குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, 1980 முதல் 2016 வரை திரட்டப்பட்ட பத்து நூறாயிரத்திற்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 77 இனங்களின் பரவலைக் கணித்தது. 45 விழுக்காட்டு இனங்கள் பெருகியுள்ளன. 29 விழுக்காட்டு இனங்கள் குறைந்துள்ளன. பெருகியவற்றுள் இரு கூட்டத்தாரைக் காணலாம். ஒரு கூட்டம் ஆற்றுவாழ் இனங்கள். தொழிற்கழிவால் நஞ்சூறிக் கிடந்த இரைனிலும் எல்பேயிலும் தூய்மைப்படுத்தும் நிலையங்கள் எழுந்தபின், மேற்குச் செருமனியிலிருந்து மறைந்துவிட்டதென்று கருதப்பட்ட மஞ்சட்கால் ஆற்றுத்தட்டான் 1990களில் மீண்டது. 1986 நவம்பர் முதல்நாளில் பாசெல் நகரருகே சாண்டோசு நிறுவனத்தின் கிடங்கு தீப்பற்றி, தீயணைத்த நீரோடு பூச்சிக்கொல்லிகள் இரைனில் இறங்கிப் பலநூறு கிலோமீட்டர் தொலைவிற்கு விலாங்குகள் மாண்ட துயர், அவ்வாற்றை மீட்கும் உறுதியை விரைவுபடுத்திற்று என்பதும் நினையத்தக்கது. மற்றொரு கூட்டம் வெம்மை விரும்பிகள். நடுநிலக்கடற் பகுதிக்குரிய செந்தழல் தட்டான், முன்னர்ச் செருமனிக்கு அரிதாக வந்துபோன விருந்தாளி. இன்று தெற்கே வேரூன்றி வடக்கிலும் முட்டையிடுகிறது. நம் வயல்வரப்பில் காணும் செந்தட்டான் அதன் பேரினத்தைச் சேர்ந்த உறவினமே.

குறைந்தவை யாவை? குளிர்ந்த தேங்குநீரையும் கரிச்சதுப்பையும் சார்ந்த தனிவாழ்வினங்கள்: வேல்முனை ஊசித்தட்டான், சதுப்பு வெண்முகத் தட்டான் போன்றவை. இவற்றின் இழப்பிற்கு நகர் நேராகப் பொறுப்பேற்பதில்லை. சதுப்பை வடித்தவர் உழவரும் சதுப்புக்கரி அகழ்ந்தோரும், நீரை வற்றச்செய்தது மிகுந்துவரும் வெம்மையும் வறட்சியும். ஆனால் வெம்மையை மிகுவிப்பதில் நகரின் புகைக்கும் பங்குண்டு. நகருக்குள் எத்துணை அழகிய குளம் அமைத்தாலும் அச்சதுப்பினங்கள் அங்கே குடியேறப்போவதில்லை. ஆகவே நகரின் குளங்கள் பெருகியதைக் காட்டி நாட்டின் சதுப்புகள் ஒழிந்ததை ஈடுகட்ட முயலும் வாதத்தை நான் ஏற்பதற்கில்லை. 45 என்னும் எண்ணையும் 29 என்னும் எண்ணையும் ஒரே தட்டில் இட்டு நிறுத்தல் பிழை. பெருகியவை பல நாடுகளில் பரந்து வாழ்பவை. குறைந்தவற்றுள் பலவற்றிற்கு நடு ஐரோப்பாவில் வேறு புகலிடம் சுருங்கிவருகிறது.

செருமனிய இயற்கைக்காப்புச் சட்டப்படி உள்நாட்டுத் தட்டானினங்கள் அனைத்தும் தனிக்காப்புப் பெற்றவை. நீரிளவியைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். பாராட்டத்தக்க சட்டம் அது. எனினும் நீரிளவி ஒன்றைக் கையிலெடுக்கும் சிறுவனைத் தடுக்கும் அளவிற்கு, ஓடைக்கரையின் நாணலை ஆண்டுக்கு மும்முறை அடியோடு வெட்டும் எந்திரத்தை அது தடுப்பதில்லை. உயிரைக் காக்கும் சட்டம் அதன் கரையையும் காத்தாலன்றி நிறைவு பெறாது. மாறாக, மழைநீரைக் குழாயில் விரட்டாமல் அது விழுந்த இடத்திலேயே தேக்கி இறக்கும் நகரமைப்பை இன்று பல செருமனிய நகர்கள் மேற்கொண்டு வருகின்றன. பெர்லின் நகரின் போட்சுடாமர் திடலில், கட்டடக் கூரைகளில் விழும் மழைநீரைத் திரட்டி, நாணற்பாத்திகளின் வழியே தூய்மைப்படுத்தி, திறந்த நீர்நிலையாக 1998 முதல் வைத்துள்ளனர். வெள்ளத்தைத் தணித்தல், வெம்மையைக் குறைத்தல் எனத் தம் நலத்திற்காகவே மாந்தர் செய்யும் பணி இது. ஆயினும் கரையைச் சரிவாக விட்டு, மீனை விடாது, நாணலைப் பகுதி பகுதியாக முறைவைத்து வெட்டுவாராயின், அதே செலவில் தட்டானுக்கும் இடம் கிடைக்கும்.

நம் நாட்டிற்கு இச்செய்திகளால் என்ன பயன் என்று கேட்போர் உளர். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று சொல்லத் தெரிந்த நம் மக்களுக்கு இவ்வுயிர் புதிதன்று. நீலவால் ஊசித்தட்டானின் பேரினத்தைச் சேர்ந்த ஓரினம் சென்னையின் குட்டைகளிலும் வாழ்கிறது. கழிவு கலந்த நீரிலும் செழித்து, அதனாலேயே அறிவியற்பெயரில் மாசைச் சுமந்து நிற்கும் சாக்கடைத் தட்டானை அடையாற்றின் கரையில் எவரும் காணலாம். சல்லடையின் கண்ணளவு ஈரிடத்தும் ஒத்ததே. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் இராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது; அதைச் சுற்றி மண்மூடல் நாள்தோறும் நெருங்குகிறது. செருமனியில் அரசும் கழகங்களும் பெருஞ்செலவு செய்திருப்பினும், எந்த இனம் எங்கே பெருகிற்று, எங்கே மறைந்தது என்று சொல்ல இயல்வது, ஊர்தோறும் ஆர்வலர் நாற்பது ஆண்டுகளாக எழுதிவைத்த குறிப்பேடுகளால்தான். அக்குறிப்பேட்டைத் தொடங்கப் பொருட்செலவு இல்லை. பள்ளியருகே உள்ள குளத்திற்கோ ஏரிக்கோ கிழமைக்கு ஒருமுறை மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், நாள், இடம், கண்ட இனம், எடுத்த உரிசட்டை என்னும் நான்கு பத்திகள் கொண்ட ஏடொன்றை வரும் பருவமழைக்கு முன்னரே திறந்துவைக்க வேண்டுகிறேன். இனங்களின் பெயரை அதில் தமிழில் எழுதுங்கள், பெயரில்லாத இனத்திற்குப் பெயரிடுங்கள்.